இறக்கின ஈகே3: பம்ப் ஸ்டொப்பை முழுதாக வெட்டலாமா?

கல்லடித்தம்பி:

வணக்கம் அண்ணன்மார். போன மாதம் ஒரு ஹொண்டா சிவிக் ஈகே3 வாங்கினேன், 1997 மொடல். முன்பு வைத்திருந்தவர் நாலு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி இறக்கியிருக்கிறார். சொக் அப்சோபர் மட்டும் பழைய கம்பனிச் சொக்தான். ரிம் 15 அங்குலம், அகலம் ஏழு, ஓஃப்செட் 35, டயர் 195/50. கழற்றின 14 அங்குல ரிம்மும் வீட்டில் கிடக்கிறது, அது அகலம் ஐந்தரை, ஓஃப்செட் 45, டயர் 185/65.

தனியாக ஓடினால் பெரிதாகத் தெரியாது. அம்மா, தங்கச்சி, மச்சான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மாமாங்கம் கோயிலுக்குப் போனபோது கல்லடிப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் முன்னுக்கு 'டக்', 'டக்' என்று அடித்தது, திருப்பத்தில் 'சர்ர்' என்று உரசல் வேறு. வந்து பார்த்தால் இடது மட்காட்டின் உள்மடிப்பில் பெயின்ட் போய்த் தகரம் மினுங்குகிறது, டயரின் வெளித்தோளில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று வளையம். கராஜில் காட்டினேன், சொக் தண்டில் இருக்கும் ரப்பரை, அதுதான் பம்ப் ஸ்டொப்பை, முழுதாக வெட்டி எறிந்தால் அடி நின்றுவிடும் என்கிறார்கள். டயர் பழையதை விடச் சின்னதுதானே, அது ஏன் உரசுகிறது என்றும் விளங்கவில்லை. வெட்டலாமா?

அக்கரை காக்கா:

வேண்டாம் தம்பி. அந்த ரப்பர்தான் இப்போது உங்களுடைய டயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நான் மூன்று வருசத்துக்கு முன் இதே வேலையைச் செய்தவன். இங்கே ஒரு கராஜில் சொன்னதைக் கேட்டு முன்பக்கம் இரண்டு ஸ்டொப்பரையும் கழற்றிவிட்டேன், முதல் கிழமை ஓட்டம் பஞ்சு மாதிரித்தான் இருந்தது. பிறகு குடும்பத்தோடு பொத்துவில் போய்த் திரும்பும்போது கோமாரிக்குக் கிட்ட மழையில் அரித்த ஒரு பள்ளத்தில் இறங்கினது. இறங்கிப் பார்த்தால் மட்காட் விளிம்பு டயரின் தோளைச் சீவி, கறுத்த ரப்பர்ச் சுருள் உள்ளே தொங்குகிறது, உள்ளே நூல் தெரியுது. பின்னால் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அன்றைக்கு அந்த டயர் ஓட்டத்தில் வெடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்பவும் நினைப்பேன். இரண்டு கிழமையில் அந்தப் பக்கத்துச் சொக்கும் எண்ணெய் கக்கினது. ரப்பர் இல்லாவிட்டால் சொக் அடியில் போய் இரும்போடு இரும்பாக முட்டும், உள்ளே இருக்கிற வால்வு, சீல் எல்லாம் அந்த அடியைத்தான் வாங்கும்.

செங்கலடி பிரதர்:

காக்கா சொன்னது சரி. ஆனால் உரசலுக்குக் காரணம் ரிம். கணக்கைப் பாருங்கள்: பழைய டயர் விட்டம் ஏறத்தாழ 596 மில்லிமீட்டர், இப்போதுள்ளது 576, அதனால் உயரத்தில் சின்னதுதான். அகலத்தில் அப்படி இல்லை. ரிம் ஒன்றரை அங்குலம் கூடியதில் பாதி, 19 மில்லிமீட்டர், வெளியே போகும். ஓஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதைப் பூட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்பது, அது குறையக் குறைய ரிம் வெளியே வரும்; 45 இலிருந்து 35 ஆனதில் இன்னும் 10. மொத்தம் 29 மில்லிமீட்டர் ரிம் விளிம்பு மட்காட் பக்கம் தள்ளி நிற்கிறது. ஏறும்போது சில்லின் மேல்பக்கம் உள்ளே சாயும்தான், அந்தச் சாய்வு 29 மில்லிமீட்டரை விழுங்காது.

இன்னொன்று, ஈகேயில் சொக் நகர்வதை விடச் சில்லு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நகரும். ரப்பரில் 20 மில்லிமீட்டர் வெட்டினால் டயர் 30 மில்லிமீட்டர் கூட ஏறும், அப்படி ஏறினால் எங்கே போய் முட்டும் என்று நீங்களே பாருங்கள்.

'டக்' சத்தம் எதிலிருந்து வருகிறது என்பதைத் தனியாகப் பிடிக்க வேண்டும். சொக்கின் தூசி மூடியை மேலே தள்ளிவிட்டு, தண்டில் கேபிள் டை ஒன்றை இறுக்கமாகக் கட்டி அடியில் வையுங்கள். அதே ஆட்களை ஏற்றி அதே பாலத்தில் ஓடிவிட்டு வந்து அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பொனட்டைத் திறந்து மேல் ஆர்ம் (சில்லை மேலே பிடித்திருக்கும் இரும்புக் கை) இருக்கும் இடத்தையும் பாருங்கள், நன்றாக இறக்கின ஈகேயில் மேல் ஆர்ம் கார் உடம்பில் போய் முட்டுவது வழக்கம், ரப்பர்ச் சத்தம் மந்தமாக இருக்கும், ஆர்ம் முட்டினால் சுத்தியலால் தட்டின மாதிரிக் கேட்கும்.

கல்லடித்தம்பி:

நேற்றுப் பின்னேரம் செய்து பார்த்தேன். டை ரப்பர் வரைக்கும் ஏறி அதிலே நசுங்கி நிற்கிறது. இடது ரப்பரை யாரோ முன்பே பாதி வெட்டியிருக்கிறார்கள், மிச்சம் விரலால் தொட ரஸ்க் மாதிரி உதிருது. வலது முழுசாக இருக்கிறது. அதனால்தான் இடது பக்கம் மட்டும் உரசியிருக்கிறது. ஆள் ஏறாமல் சும்மா நிற்கும்போதே தண்டில் இரண்டு விரல் கூட இடைவெளி இல்லை. மேல் ஆர்மில் அடையாளம் ஒன்றும் இல்லை.

செங்கலடி பிரதர்:

அப்படியென்றால் நாலு பேர் ஏறினதும் கார் ரப்பரில்தான் குந்தியிருக்கிறது, ஸ்பிரிங்கில் இல்லை. வெட்டின ஸ்பிரிங் மீதிச் சுற்றில் விறைத்துப் போகும், இருக்கையிலும் ஒழுங்காக உட்காராது. இறக்குவதற்கென்று செய்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற கட்டைச் சொக்கும் போட்டு, இப்போதிருப்பதை விட 20 மில்லிமீட்டர் தூக்கினால் பாலம் தெரியாது. காசு இப்போதைக்கு இல்லையென்றால் பாவித்த ஒறிஜினல் ஸ்பிரிங் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுக்கலாம், அதுவரைக்கும் 14 ரிம்மைப் போட்டு ஓடுங்கள். 15 தான் வேண்டுமென்றால் ஆறரை அகலம், ஓஃப்செட் 45 தேடுங்கள், 13 மில்லிமீட்டர்தான் வெளியே வரும்.

அக்கரை காக்கா:

இரண்டு பக்கமும் புது ஸ்டொப்பர் போடுங்கள், ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். கட்டைச் சொக்கோடு கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும் என்று வந்தால் மேலே இருக்கும் தடித்த பக்கத்தில் வெட்டுங்கள், கூரான நுனியைத் தொடவேண்டாம், முதல் அடியை மெதுவாக வாங்குவது அதுதான். பூட்டுவதற்கு முன் ஸ்பிரிங் இல்லாமல் சொக்கையும் சில்லையும் மட்டும் போட்டு, ரப்பர் நன்றாக நசுங்கும் மட்டும் சில்லை ஜாக்கில் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் போகிறதா என்று பாருங்கள். கார் உடம்பை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். பிரேக் குழாய் எங்கேயாவது இழுபடுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள் தம்பி.