ஏற்காடு ஏற்றத்தில் வழுக்கும் கிளட்ச்: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் என் சிறிய சரக்கு வண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இன்ஜின் இரைந்தாலும் வேகம் எடுக்காமல் திணறுகிறது, கருகிய வாடையும் வருகிறது. கிளட்சை வீட்டு வாசலிலேயே மாற்ற முடியுமா?

பதில் 1: முடியும், தம்பி. ஆனால் கிளட்ச் பெடலை மிதிக்கும்போது, அது கிளட்சை இயக்கத் தொடங்கும் முன் சிறிதளவு வெற்று அசைவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் நல்ல கிளட்ச் தட்டும் வழுக்கும். கிளட்சை எடுக்க கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும்; அப்போது கியர் பாக்ஸின் எடை முழுவதையும் ஜாக்கியே தாங்க வேண்டும். அதன் தண்டு தட்டின் மேல் தொங்கினால் தட்டு வளைந்துவிடும். வாசல் மண் தரையாக இருந்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பதில் 2: பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள். இன்ஜினின் பின்புற ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) கசிந்திருந்தால், புதுத் தட்டும் எண்ணெய் பட்டு வழுக்கத்தான் செய்யும்.

கேட்டவர்: பெடல் அசைவு சரியாகவே உள்ளது, ஐயா, கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில்தான் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது. சீலையும் சேர்த்தே வாங்குகிறேன்.