கலைச்சொல்: ‘மனப்பான்மை காட்டி’ வேண்டாம், ‘வாட்டங்காட்டி’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

போன வாரம், விமானத்தில் உள்ள ‘ஆட்டிட்யூட் இண்டிகேட்டர்’ என்ற மானிக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லா மடல்களையும் அச்செடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் பேசினோம். ஒரு சொல்லில் வந்து நின்றிருக்கிறோம். அதை எப்படி அடைந்தோம் என்று விரிவாகச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

முந்தைய மடலைப் பார்க்காதவர்களுக்காக: சூலூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் 1960களின் செஸ்னா 172 ஒன்று நிற்கிறது. நான்கு பேர் உட்காரும் சிறு விமானம். உலகத்தில் மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் இந்த வகைதான், 44,000க்கு மேல். இதன் பழைய மானிகளைக் கழற்றி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி திரை வைத்த புதிய மானிகளைப் பொருத்தும் வேலை நடக்கிறது. விமானப் பராமரிப்பில் வயதைக் கழித்தவன் என்பதால் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். என்னோடு மூன்று பிள்ளைகள். இரண்டு பையன்கள் ஐ.டி.ஐ., ஒரு பெண் பாலிடெக்னிக். மூவரும் தமிழில் படித்து வந்தவர்கள். அவர்கள் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கையேட்டுக்குத்தான் சொல் வேண்டும்.

சிக்கல் ஒரே ஒரு மானியில் வந்தது. பலகையின் நடுவில், மேலே நீலமும் கீழே பழுப்புமாக இருக்கும் வட்டம். ஆங்கிலத்தில் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர். பெண் தன் கைப்பேசியில் அதை மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறாள். ஆட்டிட்யூட் என்ற சொல்லுக்கு மனப்பான்மை என்றும் பொருள் இருப்பதால் ‘மனப்பான்மை காட்டி’ என்று வந்திருக்கிறது. “விமானத்துக்கு ஏதுங்க சார் மனப்பான்மை?” என்று என்னிடம் வந்து கேட்டாள். அவள் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, பையன்களில் ஒருவன் அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருந்தது. பொருள் புரியாமல் ஒரு சொல்லை மனப்பாடம் செய்பவன், அந்த மானி பழுதாகும்போது எதைச் சோதிப்பான்?

சரி, அந்த மானி என்ன செய்கிறது? மேகத்துக்குள் போன விமானிக்கு அடிவானம் தெரியாது. மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா, இடது இறக்கை தாழ்ந்திருக்கிறதா என்பதை உடம்பால் உணரவும் முடியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சிறிது நேரத்தில் ஏமாற்றிவிடும். அடிவானத்தோடு ஒப்பிட்டு விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை அந்த வட்டம் காட்டுகிறது. அந்த இருப்பைத்தான் ஆங்கிலத்தில் ஆட்டிட்யூட் என்கிறார்கள். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, மானிகளை மட்டும் பார்த்து ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். அவர் நம்பியிருந்த மானிகளில் ஸ்பெரி நிறுவனம் செய்த இந்த மானியும் ஒன்று. அன்றைக்கு அதன் பெயர் ‘செயற்கை அடிவானம்’ என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயர்.

அந்தப் பெண்ணின் அப்பா கொத்தனார். அவள் அடுத்துக் கேட்டதுதான் இந்த விவாதத்தையே திருப்பியது. “எங்கப்பா வச்சிருக்கிற ரசமட்டத்தை உள்ளே ஒட்டி வச்சா ஆகாதுங்களா சார்?”

ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் இந்த மானியின் முழுக் கதையும் இருக்கிறது. வால்பாறை மலைப்பாதையில் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். தண்ணீர் வெளிப்பக்கம் ஏறும். விமானம் ஒழுங்காகத் திரும்பும்போது அப்படி நடக்காது. இறக்கையைத் தேவையான அளவு சாய்த்துக்கொண்டு திரும்புவதால், எடையும் வெளித்தள்ளலும் சேர்ந்து தரைப்பலகையை நோக்கி நேராகவே அழுத்தும். டம்ளரில் உள்ள டீ கூடச் சிந்தாது. இறக்கை 30 பாகை சாய்ந்திருக்கும்போதும் ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் நிற்கும். மட்டமாகத்தான் போகிறோம் என்று அது சொல்லும், விமானமோ வட்டமடித்துக்கொண்டிருக்கும். இதனால்தான் எதற்கும் அசையாத ஒன்று உள்ளே தேவைப்பட்டது. பம்பரம். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சை விட்டுக்கொடுக்காது. அதைச் சுற்றி விமானம் உருண்டாலும் புரண்டாலும் பம்பரம் நின்றபடி நிற்கும், அந்த வித்தியாசம்தான் வட்டத்தில் தெரிகிறது.

பழைய செஸ்னாவில் அந்தப் பம்பரத்தைச் சுற்றுவது காற்று. எஞ்சின் ஓட்டும் ஒரு பம்பு மானிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும், உள்ளே பாயும் காற்று சக்கரத்தின் பள்ளங்களில் மோதிச் சுற்றும். உறிஞ்சல் பாதரசக் கணக்கில் சுமார் 5 அங்குலம் இருக்க வேண்டும். பம்பின் உள்ளே இருப்பவை கரித்தகடுகள். அவை ஒருநாள் சொல்லாமல் உடையும். உடைந்தவுடன் மானி நின்றுவிட்டால் கூடப் பரவாயில்லை. பம்பரம் வேகம் குறைந்து, மெல்ல மெல்லச் சாயும். விமானி அதை நம்பி விமானத்தையும் கூடவே சாய்ப்பார். மேகத்துக்குள் அது உயிர்ச்சேதத்தில் முடிந்த கதைகள் உண்டு. இப்போது பொருத்தும் கார்மின் ஜி5 மானியில் சுழலும் பம்பரமே கிடையாது, சில்லுக்குள் செதுக்கிய நுண்ணிய உணரிகள்தான். பழைய மானியின் 3⅛ அங்குலத் துளையிலேயே உட்காரும். துணை மின்கலம் உண்டு, விமானத்தின் மின்சாரம் போனாலும் 4 மணி நேரம் வரை தாங்கும். பம்பும் குழாய்களும் வடிகட்டியும் வெளியே வந்துவிட்டன. அந்தப் பம்பைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது நான்காண்டு, ஐந்தாண்டு என்று அதை மாற்றி மாற்றிப் போட்ட நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

இப்போது உங்கள் சொற்கள்.

‘செயற்கை அடிவானம்’ என்றவர்கள் மூன்று பேர். அழகான சொல், பழைய பெயருக்கும் பொருந்துகிறது. ஆனால் அது மானி காட்டும் படத்தின் பெயர். அந்தப் படம் அளப்பது எதை? அதற்குத் தனிப்பெயர் வேண்டும். பறக்கக் கற்றுக்கொடுக்கும்போது முதல் பாடமே எஞ்சின் விசையையும் ஆட்டிட்யூடையும் சரியாக வைத்தால் வேகமும் ஏற்றமும் தானாக வரும் என்பதுதான். இந்த வாக்கியத்தில் ‘அடிவானத்தைச் சரியாக வை’ என்று எழுத முடியாது.

‘நிலைகாட்டி’ என்றார் ஈரோட்டு ஐயா. ஐயா, உங்கள் சொல்லைத்தான் முதலில் கையேட்டில் எழுதியிருந்தேன். ‘விமானத்தின் நிலை என்ன?’ என்று நான் கேட்டதும் ஒரு பையன் “வயரிங் பாதி முடிஞ்சுதுங்க” என்றான். அவன் சொன்னது சரியான பதில். பட்டறையில் நிலை என்றால் பழுதா, நலமா என்பதுதான். வானொலியில் நிலை என்றால் எங்கே இருக்கிறாய் என்றும் பொருள்படும். ஏற்கெனவே சுமக்கும் வேலை அந்தச் சொல்லுக்குப் போதும்.

‘மட்டங்காட்டி’ என்று பொள்ளாச்சி அம்மா எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. மேலே சொன்ன காரணத்தால் விட்டுவிட வேண்டியிருக்கிறது, அம்மா. அந்தச் சொல் ரசமட்டத்தைக் கண்முன் கொண்டுவரும். இந்த மானி எதைச் செய்யவில்லையோ அதை நினைவூட்டும் பெயர் ஆபத்து. உங்கள் சொல் வீணாகவில்லை. திருப்பத்தைக் காட்டும் மானியின் அடியில் வளைந்த கண்ணாடிக் குழாயில் ஒரு குண்டு உருளும். விமானம் திரும்பும்போது பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று சொல்வது அது. அது அசலான ரசமட்டத்தின் தம்பி. அதற்குக் ‘குண்டுமட்டம்’ என்று வைத்துவிட்டோம்.

‘சாய்வுகாட்டி’யும் வந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த நாளில்தான் கொத்தனார் கொட்டகைக்கு வந்தார். விமானத்தைக் கழுவும் தண்ணீர் தேங்காமல் ஓடத் தரை போட வேண்டும் என்று நான்தான் வரச்சொல்லியிருந்தேன். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் வாட்டம் பத்தலீங்க, இன்னும் அரை இஞ்சு குடுக்கோணும்” என்றார். அதே மதியம் பலகைக்கான அலுமினியத் தகட்டைப் பையன் ஒருவன் அராவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் “வாட்டமாப் புடிடா, கை வலிக்கும்” என்றான்.

இரண்டு இடத்திலும் அதே சொல். கொத்தனாருக்கு அது வேண்டுமென்று கொடுக்கும் சரிவு. பையனுக்கு அது பொருளைப் பிடிக்க வேண்டிய கோணம். சுவர் சாய்ந்தால் ‘சாஞ்சு போச்சு’ என்போம், அது குறை. தரைக்கு ‘வாட்டம் விட்டிருக்கு’ என்போம், அது செய்பவரின் தீர்மானம். விமானி செய்வதும் இதுதான். ஏறுவதற்கு ஒரு வாட்டம், இறங்குவதற்கு ஒரு வாட்டம், திரும்புவதற்கு ஒரு வாட்டம் என்று அவர்தான் கொடுக்கிறார்.

அப்புறம் யோசிக்க யோசிக்கக் குடும்பமே கிடைத்தது. நீளவாட்டம், அகலவாட்டம், குறுக்குவாட்டம் எல்லாம் மரம் அறுப்பவரும் துணி வெட்டுபவரும் தினமும் சொல்பவை. ஒரு பொருள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதை இந்தச் சொல் ஏற்கெனவே சுமக்கிறது. ஆகவே மானியின் பெயர் வாட்டங்காட்டி. மூக்கு மேலே என்றால் ஏறுவாட்டம். கீழே என்றால் இறங்குவாட்டம். இறக்கை சாய்ந்தால் பக்கவாட்டம். எதுவும் இல்லையென்றால் மட்டவாட்டம். விமானி எதிர்பாராமல் சிக்கிக்கொள்ளும் விபரீதக் கோணத்துக்குப் ‘பிசகிய வாட்டம்’. அதிலிருந்து மீள்வது பயிற்சியில் கட்டாயப் பாடம். புதிய மானிக்குள் இருந்து விமானத்தின் வாட்டத்தையும் மூக்கு நோக்கும் திசையையும் கணிக்கும் பகுதிக்கு, ஆங்கிலத்தில் ஏ.எச்.ஆர்.எஸ். என்று நான்கெழுத்தாகச் சுருக்கிச் சொல்வார்களே, அதற்கு ‘வாட்ட–முகத்திசைக் கணிப்பி’.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். ‘வாட்டம் என்றால் வாடிப்போவது, முகவாட்டம் என்கிறோமே’ என்று திருப்பூர் நண்பர் ஏற்கெனவே தனிமடலில் கேட்டுவிட்டார். உண்மைதான். ஆனால் விமானப் பலகையைப் பற்றிப் பேசும்போது பயிர் வாடுவது யாருக்கும் நினைவு வராது. படி என்றால் ஏணிப்படி, அளக்கும் படி, படிக்கச் சொல்லும் ஏவல் மூன்றும்தான். இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கொத்தனார் ‘வாட்டம் பத்தல’ என்றபோது தரை வாடவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற சொற்களைச் சுருக்கமாக முடிக்கிறேன். பலகைக்கு ‘கருவிப்பலகை’ என்று சிலர் எழுதுகிறார்கள். பட்டறையில் கருவி என்றால் ஸ்பேனர், சுத்தியல். எனவே ‘மானிப்பலகை’. திரை மானிகள் வைத்த விமானி அறையை ஆங்கிலத்தில் கிளாஸ் காக்பிட் என்பார்கள். அதைக் ‘கண்ணாடி அறை’ என்று எழுதுவது தவறு, பழைய மானிக்கும் முகப்பில் கண்ணாடிதான். கடிகாரத்துக்குச் சொல்வதுபோலப் பழையது முள்மானி, புதியது திரைமானி. இதைப் பையன்கள் சொன்னார்கள், நான் எழுதிக்கொண்டேன்.

திசைகாட்டி என்ற சொல் காந்த ஊசிக்கே இருக்கட்டும். மூக்கு நோக்கும் திசையைக் காட்டும் பம்பர மானிக்கு ‘முகத்திசைமானி’ என்கிறேன். இந்த வேறுபாடு நம் ஊரில் முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றில் வடக்கே போக வேண்டிய விமானம் மூக்கை மேற்கே கொஞ்சம் திருப்பிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நகரும். முகத்திசை ஒன்று, தரையில் போகும் தடம் வேறு. பழைய பம்பர மானி மெல்லப் பிசகும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை திசைகாட்டியைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

ராடாருக்கு விமானத்தின் அடையாளத்தைச் சொல்லும் பெட்டியான டிரான்ஸ்பாண்டருக்கும் சொல் கேட்டிருந்தார்கள். அதை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ராடார் கேட்கும், இது நான்கு இலக்க எண்ணைப் பதிலாக அனுப்பும். இலக்கங்கள் 0 முதல் 7 வரைதான், அதனால் மொத்தம் 4,096 எண்கள். 7700 என்று வைத்தால் ஆபத்து, 7600 என்றால் வானொலி பழுது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும்போது நம் நாட்டில் இந்தச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் வரும். ஒரு நொடி தடுமாறினாலும் தவறாகிவிடும் இடத்தில் வாயில் வரும் சொல்லும் கையேட்டில் இருக்கும் சொல்லும் ஒன்றாக இருப்பதே நல்லது. விளக்கத்தை மட்டும் தமிழில் நிறைவாக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. சாய்ந்து இருக்கும் கோணத்துக்குப் பக்கவாட்டம் என்று வைத்தோம். சாயும் செயலுக்கு, அதாவது ஆங்கிலத்தில் ரோல் என்பதற்கு என்ன சொல்வது? ‘உருளல்’ என்றால் முழுதாக ஒரு சுற்று உருண்டது போல இருக்கிறது. ‘புரளல்’ அதைவிட மோசம். மாட்டுவண்டி பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கும்போது நம் பக்கம் பெரியவர்கள் சொன்ன சொல் யாருக்காவது நினைவிருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சகத்துக்குப் போகிறது. அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
சூலூரிலிருந்து