டாக்கோ கையிலேயே பிரிந்து கொட்டுகிறது, தவறு என்மேலா கடைமேலா?

மதுமிதா:
வணக்கம். எங்கள் பகுதியில் புதிதாக ஒரு டாக்கேரியா, அதாவது மெக்ஸிகோவின் டாக்கோ விற்கும் கடை, வந்திருக்கிறது. உயரமான ஸ்டூல், சாக்பீஸில் எழுதிய மெனு, கவுன்டரில் சொல்லிவிட்டு நம் எண்ணைக் கூப்பிட்டதும் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். போன சனிக்கிழமை நானும் தங்கையும் போய் ஆறு டாக்கோ வாங்கினோம். போட்டோ எடுத்து முடித்து முதல் டாக்கோவைத் தூக்கினால், வெளியே மடித்திருக்கும் டோர்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டி மடிப்பில் கீறிக்கொண்டு உள்ளே இருந்ததெல்லாம் தட்டில் விழுந்தது. மூன்றாவதிலேயே ஃபோர்க் கேட்டு வாங்கிவிட்டோம். எனக்கு மனசே ஆறவில்லை, ருசி அவ்வளவு நன்றாக இருந்தது. பிடிப்பதற்கு ஏதாவது முறை இருக்கிறதா? சில டாக்கோவுக்கு மட்டும் இரண்டு டோர்ட்டியா வைத்திருந்தார்கள், அது ஏன்? தங்கை சைவம். அவளுக்கு எதை வாங்கலாம் என்றும் சொல்லுங்கள். வருகிற வாரம் மறுபடி போகிறோம்.

இரவுப்பறவை:
தட்டிலேயே மடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் போதும். டாக்கோவைச் சாய்க்காதீர்கள், தலையைச் சாய்த்து ஓரத்திலிருந்து கடியுங்கள். தட்டுக்கு மேலே குனிந்து சாப்பிட்டால் சாறு சட்டையில் விழாது.

தேன்மொழி:
மதுமிதா, நான் நான்கு வருடம் ஒரு டாக்கேரியாவில் டோர்ட்டியா போடும் வேலையில் இருந்தேன். அந்த வேலையை மனசாரப் பிடித்துச் செய்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிடிக்கும் முறையும் முக்கியம்தான். ஆனால் மடிப்பில் கீறியது என்றால் நான் முதலில் டோர்ட்டியாவைத்தான் பார்ப்பேன். சோள மாவில் கோதுமையில் இருப்பது போன்ற இழுவை கிடையாது. சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்று வரும்வரை கழுவி அரைப்பார்கள். நிஸ்டமால் என்பது அதுதான். மெக்ஸிகோவில் ஆயிரக்கணக்கான வருடமாக இருந்துவரும் வழக்கம். சுண்ணாம்பு படாத சோளத்தை அரைத்தால் மாவு ஒன்றாகச் சேராது, உதிரும். இன்னொரு பெரிய விஷயம், சோளத்தில் இருக்கும் நயாசின் என்ற வைட்டமின் நம் உடம்பில் சேர்வதே இந்தச் சுண்ணாம்பால்தான். மற்ற நாட்டுக்காரர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்த முறையை விட்டுவிட்டார்கள். அதையே முக்கிய உணவாக நம்பியிருந்த ஏழைகள், நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மரியாதை வந்துவிடும்.

அரைத்த மாவு மாசா. எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அழுத்துவோம். ஓரம் வெடித்தால் மாவு காய்ந்திருக்கிறது, நீர் தொட்டுப் பிசைய வேண்டும். கொமால் என்கிற சூடான கல்லில் போட்டுச் சில நொடியில் ஒரு திருப்பு, ஒரு நிமிடம் போல விட்டு மறு திருப்பு. அப்போது விரல் நுனியால் நடுவில் லேசாகத் தட்டினால் உள்ளே ஆவி சேர்ந்து மெல்ல உப்பி எழும். மழை பெய்த மண்ணும் வறுத்த சோளமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். உப்பினால் மாவு சரி, கல் சரி. உடனே துணியில் சுற்றிவிட வேண்டும், அந்த ஆவியில்தான் அது மிருதுவாகும். துணியை விட்டு வெளியே வந்து ஆறினால் மாவு இறுகி, மடித்த இடத்தில் கீறிவிடும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். கடை ஆறியதைக் கொடுத்திருக்கலாம், அல்லது போட்டோ எடுத்த நேரத்தில் ஆறியிருக்கலாம். அதனால் ஆறையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். இரண்டிரண்டாகச் சொல்லி, வந்ததும் சாப்பிடுங்கள்.

இரண்டு டோர்ட்டியா வைப்பது சாறு அதிகமுள்ள இறைச்சிக்காக. மேலே இருப்பது ஊறிப் போனாலும் கீழே இருப்பது தாங்கும். கொட்டியதை அந்த இரண்டாவதில் அள்ளிக்கொண்டால் இன்னொரு சின்ன டாக்கோ.

செங்குத்துக் கம்பியில் இறைச்சி சுற்றிக்கொண்டிருந்தால் அல் பாஸ்தோர் கேளுங்கள். லெபனானிலிருந்து மெக்ஸிகோ போனவர்களின் ஷவர்மாவிலிருந்து வந்தது அது. ஆட்டிறைச்சிக்குப் பதில் பன்றி, மேலே அன்னாசி. ஓரம் கருகிச் சிவந்த பிறகு சீவித் தரச் சொல்லுங்கள்.

மெனு சின்னதாக இருந்தால் தயங்க வேண்டாம். மெக்ஸிகோ நகரத்தில் சான் ராஃபேல் பகுதியில் எல் காலிஃபா தெ லியோன் என்ற குட்டிக் கடைக்கு 2024இல் மிஷ்லின் என்ற உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் கொடுத்தார்கள். அங்கே நான்கே வகை டாக்கோதான், நின்றபடியே சாப்பிட வேண்டும்.

மதுமிதா:
அக்கா, போட்டோவுக்கே ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். சைவம் பற்றியும் சொல்லுங்களேன்.

தேன்மொழி:
மன்னிக்கணும், அதை விட்டுவிட்டேன். நோபால் என்றால் முள் நீக்கிய கள்ளிமடல், லேசான புளிப்பு இருக்கும். ராஹாஸ் என்றால் சுட்டுத் தோலுரித்த பொப்லானோ மிளகாய்த் துண்டுகள், பெரும்பாலும் க்ரீமில் சேர்ந்து வரும். காளான், பூசணிப்பூவும் கிடைக்கலாம். பீன்ஸ் மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். நிறைய சமையலறைகளில் அதைப் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள். அரிசிச் சோற்றில் கோழிச்சாறு சேர்ப்பதும் உண்டு. இறைச்சி வாட்டும் கல்லிலேயே காய்கறியும் வாட்டுகிறார்களா என்று தங்கைக்காகக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம், கவுன்டரில் இருப்பவர்களுக்கு அது பழகிய கேள்வி.

இரவுப்பறவை:
சல்ஸா என்ற காரச் சட்னியின் நிறத்தைப் பார்த்துக் காரத்தை முடிவு செய்யாதீர்கள். சில கடையில் சிவப்பு சாதுவாக இருக்கும், பச்சை கண்ணீர் வரவைக்கும். ஆரஞ்சு நிறமாக இருந்தால் ஹபனேரோ என்ற கடுங்கார மிளகாயா என்று கேட்டுக்கொண்டு, டோர்ட்டியா ஓரத்தில் ஒரு சொட்டு தொட்டுப் பாருங்கள். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்.

மதுமிதா:
நேற்று போய் வந்தோம். கல்லுக்கு நேர் எதிரே உட்கார்ந்து இரண்டிரண்டாக வாங்கினோம். டோர்ட்டியா உப்பியதைக் கண்ணால் பார்த்தேன் அக்கா! ஒன்றுகூடக் கீறவில்லை. பீன்ஸில் கொழுப்பு இருப்பதாக அவர்களே சொல்லிவிட்டார்கள். தங்கை நோபால் மட்டும் நான்கு சாப்பிட்டாள்.