இடி விழுந்த பிறகு கேட்கிறேன்: 52 மணி நேர நேர்காணல் பதிவுகளை எங்கே, எப்படி வைப்பது?

லயத்துப்பெண்:

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டு. ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் பால்மரம் வெட்டியவர்கள் (மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள்) 38 பேரிடம் நேர்காணல் எடுத்தேன்.

போன மாதம் ஒரு நாள், மூன்றரை மணிக்கு வழக்கமான இடிமழை. மடிக்கணினி மின்னேற்றத்தில் இருந்தது; வெளி வன்தட்டும் அதிலேயே செருகியிருந்தது. நகல் ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற நிம்மதியில் தேநீர் கலக்கப் போனேன். ஒரே இடி. இரண்டும் சேர்ந்தே போய்விட்டன.

ஒலிப்பதிவுக் கருவியின் நினைவக அட்டையைச் சோம்பேறித்தனத்தால் துடைக்காமல் விட்டிருந்தேன். அந்தச் சோம்பேறித்தனம் 31 பேரைக் காப்பாற்றியது. மீதி ஏழு பேரில் ஐவரிடம் திரும்பவும் போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டி, "போன முறை சொன்னதையே சொல்லவேண்டுமா, இல்லை உண்மையைச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். மற்ற இருவரும் இதற்குள் காலமாகிவிட்டார்கள்.

இப்போது கையில் இருப்பது 36 பேர், 52 மணி நேரம். இதை எங்கே வைப்பது? விரலி (பென் டிரைவ்) போதுமா?

வேறொரு தலைவலியும் உண்டு. பழைய குடியிருப்புப் பேரேட்டை எக்செல்லில் ஏற்றுகிறேன். '5-7' என்று தட்டினால் ஐந்தாம் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஏழாம் வீடு ஜூலை 5 ஆகிவிடுகிறது. மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

அந்தப் பாட்டி சொன்ன 'உண்மை'யில் பாலை எடைபோட்ட ஒரு கிராணியின் (தோட்டத்து எழுத்தர்) பெயர் வருகிறது. அந்தக் கிராணியின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். மேற்பார்வையாளரோ, ஆய்வேடு முடிந்ததும் தரவைப் பொதுவில் வைக்கச் சொல்கிறார்.

சுவடிக்காரர்:

தங்கச்சி, முதலில் அந்த அட்டையைத் துடைக்காமல் எடுத்து வையுங்கள்.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். உங்கள் ஊருக்கு நான் இன்னொன்றும் சேர்ப்பேன்: வன்தட்டு நகல் எடுக்கும் நேரத்தில் மட்டும் செருகப்பட்டிருக்கவேண்டும், அதுவும் காலையில். மேகக் கணக்கோடு (இணையச் சேமிப்பு) ஒத்திசைய வைப்பதை மட்டும் நம்பாதீர்கள். கணினியில் தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். பல்கலைக்கழகக் கணக்கில் வைப்பதாக இருந்தால், பட்டம் பெற்ற பிறகு அது எத்தனை நாள் திறந்திருக்கும் என்று இப்போதே கேளுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) என்றால் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி. உங்களுடையது 54 ஜிபி வரும். 64 ஜிபி விரலி கண்ணைச் சிமிட்டும். அது எடுத்துப் போகத்தான், வைத்துக் காக்க அல்ல. எம்பி3 பிரதி ஒன்று தனியாக எடுங்கள், கேட்டு எழுத வசதி. மூல வேவ் கோப்பைத் தொடாதீர்கள்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, சரியாக வந்ததா என்றும் பார்க்கவேண்டும். கொட்டகையில் நிறுத்த பாலைத் தொழிற்சாலையில் மறுபடி நிறுத்துப் பார்ப்பதுபோல. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்து நீளத்தில் ஒரு கைரேகை தரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். விண்டோசிலேயே அதற்கு வழி இருக்கிறது. ரேகைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

பேரேடு:

எக்செல் கதை எனக்கும் நேர்ந்தது. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடவேண்டும். தேதியான பிறகு மாற்றினால் வீட்டு எண் திரும்பி வராது. 2024 ஜூலை 5 என்று அது எடுத்துக்கொண்டிருந்தால் 45478 என்று, எக்செல் தேதிக்கு வைத்திருக்கும் நாள் எண்ணாக நிற்கும். நான் பேரேட்டின் படங்களைப் பார்த்து மறுபடி தட்டினேன், வேறு குறுக்குவழி கிடைக்கவில்லை. சிஎஸ்வியாக (வெறும் எழுத்து அட்டவணைக் கோப்பு) சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும்.

யாராவது தொண்ணூறுகளில் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட குறிப்புகளைக் கொடுத்தால், யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆனால் பழைய கோப்பையும் பக்கத்தில் வையுங்கள். மாற்றியில் 'ஸ்ரீ' எனக்கு இரண்டு முறை காணாமல் போனது.

பிரட்டுக்களம்:

பொதுவில் வைப்பது என்றால் எல்லாக் கதவையும் திறந்து போடுவதில்லை அம்மா. ஜெனோடோ என்று ஆய்வுத் தரவுகளுக்கான ஓர் இணையக் களஞ்சியம், ஜெனீவாவில் செர்ன் என்ற ஆய்வுக்கூடம் நடத்துவது, 2013இல் தொடங்கியது. அதில் விவரக்குறிப்பை எல்லாரும் பார்க்கும்படி வைத்து, கோப்புகளை மட்டும் பூட்டிவைக்கலாம். கேட்பவர் யார் என்று பார்த்து நீங்கள் திறந்துவிடலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரம்பு. உங்களுடையதை இரண்டாகப் பிரிக்கவேண்டும். டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும், ஆய்வேட்டில் அதைக் குறிப்பிடலாம்.

கிராணி விஷயத்தை எங்களிடம் கேட்காதீர்கள். பாட்டியிடம் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது என்று வாதாடாதீர்கள், அது அவர் முதல் கதைக்குப் போட்ட கையெழுத்து.

லயத்துப்பெண்:

நேற்று போய்க் கேட்டேன். "பெயரை எடுத்துவிடு, அவன் தராசில் கைவைத்ததை எடுக்காதே" என்றார். புதுப் படிவத்தில் அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். எழுத்துப் படியில் 'கிராணி-2' என்று வரும். மூல ஒலி பூட்டிய பக்கத்தில் இருக்கும்.

புதுத் தட்டு இரண்டு வாங்கினேன். ஒன்று ஈப்போவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. முறுக்கு டப்பாவில் பத்திரமாக வைத்திருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறாள். முறுக்கை எடுத்துவிட்டாளா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.