500 வாட்ஸ் ஹெட், 8 ஓம் 4×10: கூட ஒரு 15 சேர்க்கலாமா?

நாலுதந்தி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட பேஸ் கிட்டாருக்கு ஒரு கிளாஸ் டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) இருக்கு. 4 ஓம்ஸ்ல 500 வாட்ஸ், 4-க்குக் கீழ போகக்கூடாதுன்னு பின்னாடியே அச்சடிச்சிருக்கு. கேபினெட் 8 ஓம் 4×10 (பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நாலு), 500 வாட்ஸ். சர்ச்சுக்குள்ள வாசிக்க இது தாராளம். கன்வென்ஷன் பந்தல்ல டிரம்ஸ், ரெண்டு கீபோர்டு எல்லாம் சேர்ந்தா என் பேஸ் எனக்கே கேக்க மாட்டேங்குது. தெரிஞ்சவர் ஒரு பழைய 1×15 (பதினஞ்சு இஞ்ச் ஒண்ணு) தர்றேன்கிறார், அதுவும் 8 ஓம், 200 வாட்ஸ். வாங்கலாமா, இல்ல இன்னொரு 4×10 தேடணுமா?

மேடைக்காரன்:
தாராளமா வாங்குங்க தம்பி. பதினஞ்சு கீழ, நாலு பத்து மேல. கனத்துக்கு பதினஞ்சு, விரல் பட்டுற தெளிவுக்கு பத்து. பல கம்பெனிகள் இந்த ஜோடியை வருஷக்கணக்கா வித்திருக்காங்க. 1952-ல ஃபெண்டர் கம்பெனியோட பாஸ்மேன் ஆம்ப் முதன்முதலா வந்தப்போ அதுக்குள்ள இருந்ததும் ஒரு 15 தான். ரெண்டு 8 பேரலல்ல போட்டா 4. உங்க ஹெட் தாங்கும். வேற என்ன வேணும்?

ஓம்கணக்கு:
ஓம்ஸ் சரி சார். வாட்ஸ் எப்படிப் பிரியுதுன்னும் பார்க்கணும். பேரலல்ல ரெண்டு கேபினெட்டுக்கும் ஒரே வோல்டேஜ் தான் போகும். ரெண்டும் 8 ஓம்ங்கறதால ஆளுக்குப் பாதி, 250 - 250. 4×10-ல அந்த 250-ஐ நாலு ஸ்பீக்கர் பங்கு போட்டுக்கும், ஒண்ணுக்கு 62 வாட்ஸ் சொச்சம். 15 பக்கம் 250-உம் ஒரே வாய்ஸ் காயில்ல (கோனைத் தள்ளுற கம்பிச்சுருள்) இறங்கும். ஸ்டிக்கர்ல 200-ன்னு இருக்கு! பத்துகள் சாதாரணமா வேலை பார்த்துட்டு இருக்கும்போதே பதினஞ்சு எல்லையைத் தாண்டிடும். அதைக் காப்பாத்தணும்னா வால்யூமைக் குறைக்கணும். அப்புறம் எதுக்கு ரெண்டாவது கேபினெட்?

பாஸ்மேன் 52-ல 15-ஓட வந்தது உண்மை. சில வருஷத்திலேயே அதே ஃபெண்டர் அதை 4×10 ஆக்கிட்டாங்க, அதையும் சொல்லணும்ல.

மேடைக்காரன்:
500 வாட்ஸை விடாம யாரும் தள்றதில்ல. பேஸ் நோட்டு அடிக்கும், அடங்கும். சராசரி எடுத்தா அதுல ஒரு பங்குதான் வரும். 200 வாட்ஸ் ஸ்பீக்கர் 250 உச்சத்தைத் தாங்கும். நான் பார்த்தவரை ஸ்பீக்கரை எரிக்கிறது சின்ன ஆம்ப். பத்தாம பத்தாம முழுசாத் திருப்பி, கிளிப் ஆகி (அலையோட உச்சி வெட்டுப்பட்டு), அப்பத்தான் காயில் போகுது. பெரிய ஆம்ப் இருந்தா பயமே இல்ல.

ஓம்கணக்கு:
இதை எல்லா இடத்துலயும் சொல்றாங்க, அதனாலயே நிறுத்தி எழுதறேன். கிளிப் ஆகறது தனியா ஒரு விஷம் கிடையாது. காயிலை எரிக்கிறது வாட்ஸ்தான். சைன் அலை முழுக்கத் தட்டையாகி சதுர அலை ஆனா, அதே உச்ச வோல்டேஜ்ல பவர் ரெட்டிப்பாகும். 300 வாட்ஸ் ஆம்பைக் கடைசி வரை திருப்பினா 600 பக்கம் தள்ளும், 300 தாங்குற ஸ்பீக்கர் அதனாலதான் போகுது. 50 வாட்ஸ் ஆம்ப் எவ்வளவு கிளிப் ஆனாலும் 500 வாட்ஸ் வூஃபரை எரிக்க முடியாது. ட்வீட்டர் போகலாம், அது வேற விஷயம்.

சராசரி பத்திச் சொன்னது சூட்டுக்குப் பொருந்தும். ஆனா பேஸ்ல பெரும்பாலும் ஸ்பீக்கர் சாகறது சூட்டுல இல்ல, கோன் அளவுக்கு மீறி முன்னும் பின்னும் ஓடறதுல. சத்தம் மாறாம ஒரு ஆக்டேவ் கீழ போகணும்னா கோன் நாலு மடங்கு தூரம் நகரணும். திறந்த E 41 ஹெர்ட்ஸ், அஞ்சு தந்தி பேஸ்ல B 31 ஹெர்ட்ஸ். போர்ட் (காத்து போற துளை) வச்ச கேபினெட்ல, அந்தப் போர்ட்டை டியூன் பண்ணின ஹெர்ட்ஸுக்குக் கீழ போயிட்டா காத்து கோனைப் பிடிச்சு நிறுத்தாது. ஸ்டிக்கர்ல 200 போட்ட ஸ்பீக்கர் அந்த இடத்துல அதுல பாதிக்கே தடதடன்னு இடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வந்தா உடனே குறைக்கணும், அதுக்குச் சராசரி எல்லாம் கிடையாது.

மேடைக்காரன்:
சரி, கணக்கு உங்க பக்கம் இருக்கட்டும். அகலமான கோன் நிறைய காத்தைத் தள்ளும், இதை மறுக்க முடியுமா? அந்தக் கனம் பத்துல வராது. பந்தல்ல நின்னு வாசிச்சவன் சொல்றேன்.

ஓம்கணக்கு:
ஒரு 15-ஓட பரப்பு ஏறக்குறைய ரெண்டேகாலுல இருந்து ரெண்டரை பத்துக்குச் சமம். தம்பிகிட்ட ஏற்கனவே நாலு பத்து இருக்கு. காத்து தள்றதுதான் கேள்வின்னா, இன்னொரு 4×10 வந்தா எட்டு ஆகுது.

எட்டு பத்துன்னதும் ஆம்பெக் எஸ்விடி ஞாபகம் வருது. 1969-ல 300 வாட்ஸ் ட்யூப் ஹெட்டோட பெரிய மேடைகளுக்குன்னே வந்தது. அதுல பதினஞ்சே கிடையாது. மூடின பெட்டி, எட்டு பத்து, ஒவ்வொண்ணும் 32 ஓம், எல்லாம் பேரலல்ல, மொத்தம் 4 ஓம். பின்னாடி வந்த 810இ மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு 58 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் குறைவு, 40 ஹெர்ட்ஸ்ல 10 டெசிபல் குறைவு. அதாவது E தந்தியோட அடிப்படை ஒலி அதுல பாதிக்கு மேல அடங்கித்தான் வருது. காதுக்குக் கனமாத் தெரியறது அதோட ரெட்டிப்பா 82 ஹெர்ட்ஸ்ல கூடவே வர்ற ரெண்டாவது ஹார்மோனிக். சார் கனம்னு சொல்றதும் 80-லிருந்து 120 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கிறதாத்தான் இருக்கும். அதைப் பத்து நல்லாவே கொடுக்கும்.

சவுண்டுமேன்:
குறுக்க வர்றேன். பந்தல்ல ஜனங்களுக்கு பேஸ் கேக்க வைக்கிறது மேடைக்குக் கீழ இருக்கிற சப் (அடிநாதத்துக்கான பெரிய ஸ்பீக்கர்). ஹெட்டுலேர்ந்து டிஐ (மிக்ஸருக்கு நேரா வர்ற லைன்) எனக்கு வந்துரும். உங்க கேபினெட் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேக்கத்தான். 4×10-ஐ தரையில முழங்காலுக்கு வச்சுக்கிட்டு ஒட்டி நின்னா முழங்காலுக்கு மட்டும்தான் கேக்கும். முதல்ல அதை நாலு ஸ்டூல் போட்டுத் தூக்கி, காதுக்கு நேரா திருப்பிப் பாருங்க. பாதி பிரச்சனை அங்கேயே தீர்ந்துடும்.

நாலுதந்தி:
அதைச் செஞ்சு பார்க்கறேன் அண்ணா. இன்னொண்ணு. கடையில கேட்டேன், என் கேபினெட்டே 4 ஓம்ல ஒண்ணு இருக்காம். விலை குறைவு. அதைச் சேர்த்தா?

ஓம்கணக்கு:
வேண்டாம். 8-உம் 4-உம் பேரலல்ல 2.67 ஓம். உங்க ஹெட் 4-க்குக் கீழ போகக்கூடாது. ஒண்ணு அப்பப்ப அணைஞ்சு அணைஞ்சு வரும், இல்ல அவுட்புட் போயிரும், அதுவும் பாட்டு நடுவுல. 8 ஓம் தான் வாங்கணும். சீரியஸ்ல போடுற பெட்டி விக்கறாங்க, அதையும் நம்பாதீங்க. பொருந்தாத ரெண்டு கேபினெட்டை சீரியஸ்ல போட்டா ஒவ்வொரு நோட்டுக்கும் பவர் வேற மாதிரி பிரியும்.

எந்த ஓம்னு கடைக்காரர் சொல்றதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. மல்டிமீட்டரை ஜாக்குல வச்சுப் பாருங்க. 8 ஓம் கேபினெட் அஞ்சரை ஆறு பக்கம் காட்டும், 4 ஓம்னா மூணு சொச்சம். 11, 12 காட்டினா 16 ஓம்.

மேடைக்காரன்:
தம்பி, மீட்டரை எடுத்துட்டுப் போங்க, வேண்டாங்கல. கூடவே ஹெட்டையும் பேஸையும் எடுத்துட்டுப் போங்க. 15-ஓடயும் வாசிங்க, 4×10-ஓடயும் வாசிங்க. பக்கத்துல நிக்காம பத்தடி தள்ளி நின்னு கேளுங்க. காகிதத்துல தோத்த ஜோடி காதுக்கு நல்லா இருந்ததை நான் கேட்டிருக்கேன். என் ஓட்டு இன்னும் பதினஞ்சுக்குத்தான்.

ஓம்கணக்கு:
கேட்டுப் பாருங்க, கண்டிப்பா. ஆனா ஹெட் வால்யூமைத் தொடாம ஒப்பிடுங்க. 15 சத்தமா இருக்கிற மாதிரி தெரிஞ்சா அது சென்சிட்டிவிட்டி (அதே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கறது) வித்தியாசமா இருக்கலாம். 3 டெசிபல் கூட இருந்தாலே பவரை ரெட்டிப்பாக்கின மாதிரி. அப்புறம் பழைய ஸ்பீக்கர்கள்ல போலாரிட்டி தலைகீழா இருக்கறது உண்டு, பழைய ஜேபிஎல்ல சிவப்பு முனைக்கு பிளஸ் கொடுத்தா கோன் உள்ள போகும். ரெண்டையும் சேர்த்து வாசிக்கும்போது அடிநாதம் கரைஞ்சு போற மாதிரி இருந்தா, ஹெட்டைக் கழட்டிட்டு ஒவ்வொரு கேபினெட் கேபிள் முனையிலும் ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. ரெண்டு கோனும் ஒரே பக்கம் நகரணும்.

நாலுதந்தி:
சனிக்கிழமை ஹெட்டை எடுத்துட்டு ரெண்டையும் பார்க்கப் போறேன். என்கிட்ட கிட்டார் கேபிள்தான் இருக்கு, அதையே கேபினெட்டுக்குப் போட்டுச் சோதிக்கலாமா?

சவுண்டுமேன்:
கூடவே கூடாது. அதுக்குள்ள இருக்கிற கம்பி தலைமுடி மாதிரி, 500 வாட்ஸ்ல சூடாகி உருகிடும், ஷார்ட் ஆனா ஹெட்டும் போகும். ஸ்பீக்கர் கேபிள் வாங்குங்க, ஸ்பீக்கான் (பூட்டிக்கிற ஸ்பீக்கர் பிளக்) இருந்தா அதுவே நல்லது. ரெண்டு கேபினெட் இருக்கே, அதனால ரெண்டு கேபிள்.