தொலைநோக்கி இல்லாமல் வானியல் தரவில் இறங்க எங்கே தொடங்குவது?

விண்நோக்கி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. கல்லூரி அளவு இயற்பியல் தெரியும், பைத்தான் ஓரளவு எழுத வரும். வானியல் காணொளிகள் நிறையப் பார்த்தாயிற்று. இனி ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அதே தரவை எடுத்து நானே கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. தொலைநோக்கி கிடையாது. இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாக இணைப்புகள் வருகின்றன. எதை முதலில் திறப்பது, எது எதற்கு என்று பிடிபடவில்லை. ஆய்வுக் கட்டுரைகளை எப்படித் தேடிப் படிப்பது, கட்டணமில்லாத தரவு எங்கே இருக்கிறது, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, இந்த மூன்றையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நிறமாலை

இணைப்பு சேர்ப்பதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு வான்பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தத் தளம் எதற்கு என்பது தானாக விளங்கும். கார்த்திகை விண்மீன் கொத்து நல்ல தொடக்கம்: பக்கத்தில் இருக்கிறது, நிறைய ஆராயப்பட்டிருக்கிறது, விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையம் நடத்தும் சிம்பாத் என்ற வான்பொருள் தரவுத்தளம். கார்த்திகையின் பட்டியல் பெயரான 'எம் 45' என்று தேடினால் ஆயத்தொலைவுகள், மாற்றுப் பெயர்கள், அதைப் பற்றி வந்த கட்டுரைகள் எல்லாம் வரும். சிம்பாத் எதையும் அளப்பதில்லை, தொகுக்கிறது. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்கள் வெவ்வேறு ஆண்டுகளின் வெவ்வேறு கட்டுரைகளிலிருந்து வந்திருக்கலாம். எந்த எண்ணை எடுத்தாலும் அதன் அருகிலுள்ள மூலக்குறியைச் சொடுக்கி, யார் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். சூரியக் குடும்பப் பொருள்கள் அங்கே கிடையாது. கோள்களுக்கும் வால்மீன்களுக்கும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் தளத்துக்குப் போக வேண்டும். கட்டுரைகளில் அச்சான அட்டவணைகளை முழுதாக இறக்க விசியர், வானத்தின் அந்தப் பகுதியைப் பல அலைநீளங்களில் பார்க்க அலாதின். இரண்டும் அதே மையத்தினுடையவை.

கட்டுரைக்கு ஏடிஎஸ் என்ற நாசா ஆதரவுத் தேடுதளம்தான். பொதுவான தேடுபொறியில் தேடாதீர்கள். ஏடிஎஸ்-ஸின் தேடுபெட்டியில் இரண்டு கட்டளைகள் புதியவர்களுக்குப் பெரிய உதவி. உங்கள் தேடல் சொல்லை 'யூஸ்ஃபுல்' என்ற கட்டளையின் அடைப்புக்குறிக்குள் கொடுத்தால், அந்தத் துறைக் கட்டுரைகள் எல்லாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் அடிப்படைக் கட்டுரைகள் வரும். 'ரிவ்யூஸ்' என்று கொடுத்தால் அவற்றை மொத்தமாக மேற்கோள் காட்டும் தொகுப்புக் கட்டுரைகள் வரும். தொகுப்புக் கட்டுரையில் தொடங்குங்கள். நேற்று வந்த புதிய கட்டுரையில் தொடங்கினால் முதல் பத்தியிலேயே இருபது மேற்கோள்களில் சிக்கிக்கொள்வீர்கள்.

இதழின் பக்கம் பணம் கேட்டால் திரும்பிவிட வேண்டாம். ஏடிஎஸ் பக்கத்திலேயே ஆர்கைவ் என்ற இலவசத் தளத்திலுள்ள முன்பதிப்புக்கான (ஆசிரியர்களே ஏற்றும் பிரதி) இணைப்பு பெரும்பாலும் இருக்கும். ஆர்கைவின் வானியற்பியல் பிரிவு ஆறு கிளைகளாக இருக்கிறது: விண்மீன் மண்டலங்கள், அண்டவியல், கோள்கள், உயர் ஆற்றல், கருவியியல், சூரியனும் விண்மீன்களும். ஆறையும் தினமும் படிக்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வருவதெல்லாம் சக ஆய்வாளர் மதிப்பீடு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. குறிப்பு வரியில் எந்த இதழ் ஏற்றது என்று எழுதியிருக்கிறதா, திருத்திய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் திணறினால் ஆஸ்ட்ரோபைட்ஸ் தளத்தில் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் புதிய கட்டுரைகளை எளிமையாக விளக்கி எழுதுகிறார்கள். அந்த விளக்கத்தைப் படித்துவிட்டு மூலத்தைத் திறங்கள்.

துருவன்

நிறமாலை சொன்ன கார்த்திகையையே கையா தரவில் செய்து காட்டுகிறேன்.

விண்மீன்களின் இடம், தூரம், நகர்வை அளந்த ஐரோப்பிய விண்கலமான கையா 2013 டிசம்பரில் ஏவப்பட்டது. அதன் மூன்றாம் தரவு வெளியீடு 2022 ஜூன் 13-இல் வந்தது. சுமார் 180 கோடி பொருள்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா காப்பகத்தில் பதிவு செய்யாமலேயே தேடலாம். தேடல் படிவத்தில் பெயர் 'எம் 45', ஆரம் 2 பாகை. அலகுப் பெட்டியைக் கட்டாயம் பாருங்கள். அது ஆர்க்செகண்டில் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நின்றால் ஒன்றிரண்டு விண்மீன்கள்கூட வராது. நிபந்தனையாக இடமாறு தோற்றக் கோணம், அதாவது பாரலாக்ஸ் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்; தூரம் கூடக் கூடக் குறையும்), 5 மில்லி ஆர்க்செகண்டுக்கு மேல் என்றும், பாரலாக்ஸை அதன் பிழையால் வகுத்தால் 10-க்கு மேல் என்றும் கொடுங்கள். பின்னணி விண்மீன்களில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

கோப்பை விஓடேபிள் என்ற வானியல் அட்டவணை வடிவில் இறக்குங்கள், அலகுகள் கூடவே வரும். விரிதாள் மென்பொருளில் திறக்காதீர்கள். கையாவின் அடையாள எண் 19 இலக்கம் வரை போகும். விரிதாள் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யமாக்கிவிடும். பிறகு வேறு அட்டவணையோடு பொருத்தும்போது ஒன்றும் பொருந்தாது, காரணமும் புலப்படாது. டாப்கேட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே செய்தது.

டாப்கேட்டில் முதல் வரைபடம்: கிடை அச்சில் வலது ஏற்றத் திசைச் சொந்த இயக்கம் (விண்மீன் வானத்தில் கிழக்கு-மேற்காக நகரும் வேகம்), நிலை அச்சில் நடுவரை விலக்கத் திசைச் சொந்த இயக்கம் (வடக்கு-தெற்காக). ஆண்டுக்கு +20, −45 மில்லி ஆர்க்செகண்டை ஒட்டி ஒரு திரள் தனியாகத் தெரியும். அதுதான் கொத்து, சேர்ந்து பிறந்து சேர்ந்து நகர்பவை. மற்றவை சிதறிக் கிடக்கும். அந்தத் திரளைச் சுற்றிக் கோடு வரைந்து தனித் தொகுதியாக எடுங்கள். அதன் பாரலாக்ஸ் பரவல் 7.35 மில்லி ஆர்க்செகண்டை ஒட்டிக் குவிய வேண்டும். 1000-ஐ அதால் வகுத்தால் 136 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு).

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1997-இல் வெளியான, கையாவுக்கு முந்தைய விண்கலமான ஹிப்பார்கோஸின் தரவு இதே கொத்துக்கு ஏறத்தாழ 118 பார்செக் என்றது. மற்ற முறைகள் 130-க்கு மேல் என்றன. 118 உண்மையென்றால் விண்மீன் மாதிரிகளையே திருத்த வேண்டியிருந்திருக்கும். ரேடியோ குறுக்கீட்டு அளவீடும் பிறகு கையாவும் 136 பக்கமே நின்றன. நீங்கள் அரை மணி நேரத்தில் போடும் கணக்கு பல ஆண்டு விவாதத்தின் விடை. ஏடிஎஸ்-ஸில் அந்தக் கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் அமைப்புசார் பிழை என்றால் என்ன என்று மனதில் பதியும்.

அடுத்து நிற-ஒளியளவு வரைபடம்: கிடை அச்சில் விண்மீனின் நிறம், நிலை அச்சில் தனி ஒளியளவு (10 பார்செக்கில் வைத்தால் தெரியும் ஒளி). தனி ஒளியளவு = ஜி ஒளியளவு + 5 × லாக்(பாரலாக்ஸ்) − 10, ஜி என்பது கையாவின் அகன்ற பட்டை, பாரலாக்ஸ் மில்லி ஆர்க்செகண்டில், லாக் பத்தடிமானம். கார்த்திகைக்கு இது ஜி-யிலிருந்து ஏறக்குறைய 5.67 கழிப்பதற்குச் சமம். பெரும்பாலான விண்மீன்கள் விழும் பட்டையான முதன்மை வரிசைக்கு 0.75 ஒளியளவு மேலே இணையாக மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் அது பிழையில்லை. சம ஒளியுள்ள இரட்டை விண்மீன்கள் ஒன்றாகப் பதிவானவை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: 'ரூவே' (அளவீடு மாதிரியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 1.4-க்குக் கீழ் என்ற வடிகட்டியை எங்கோ பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். அது மோசமான அளவீடுகளை நீக்கும், கூடவே இரட்டை விண்மீன்களில் ஒரு பகுதியையும் நீக்கிவிடும். இரட்டைகளை எண்ணுவது நோக்கமென்றால் அந்த வடிகட்டி வேண்டாம். மங்கலான சிவப்பு விண்மீன்கள் நீலப் பக்கம் வளைந்து தெரிந்தாலும் வியக்காதீர்கள். மிகக் குறைந்த ஒளியில் கையாவின் நீலப்பட்டை மிகையாக அளக்கிறது. அந்தப் பட்டையில் 20.3-ஐவிட மங்கலானவற்றை விலக்குங்கள்.

விண்நோக்கி

மிக்க நன்றி. திரள் தெளிவாகத் தெரிந்தது! இரண்டு சந்தேகம். அதே தேடலைப் பைத்தானில் ஆஸ்ட்ரோகுவரி என்ற தொகுப்பு வழியாகச் செய்தால் 50 வரிசைதான் வருகிறது. இன்னொன்று, நிபந்தனையே இல்லாமல் இறக்கினால் பல விண்மீன்களுக்குப் பாரலாக்ஸ் எதிர்மறை எண்ணாக இருக்கிறது. தூரம் எப்படி எதிர்மறையாகும்? அவற்றை நீக்கிவிடலாமா?

துருவன்

50 என்பது ஆஸ்ட்ரோகுவரியின் இயல்பு வரம்பு. கையா பகுதியில் வரிசை வரம்பை −1 ஆக்குங்கள். நீங்களே ஏடிக்யூஎல் என்ற தேடல் மொழியில் எழுதி அனுப்பினால் சாதாரண அழைப்பு 2000 வரிசையோடு நின்றுவிடும். ஒத்திசையா (அசின்க்) அழைப்பைப் பயன்படுத்துங்கள். விசியரிலும் இயல்பு 50-தான். முழு எண்ணாக 50, 2000 என்று விடை வந்தாலே சந்தேகப்படப் பழகுங்கள்.

எதிர்மறையாவது தூரமில்லை, அளவீடு. ஜி ஒளியளவு 20-இல் பாரலாக்ஸ் பிழை ஏறக்குறைய 0.5 மில்லி ஆர்க்செகண்ட். 5000 பார்செக்கில் இருக்கும் விண்மீனின் உண்மைக் கோணம் 0.2 மட்டுமே, பிழை கீழ்ப்பக்கம் விழுந்தால் எதிர்மறைதான் வரும். நீக்காதீர்கள். எதிர்மறைகளை மட்டும் தூக்கினால் மேல்பக்கம் பிழைபட்டவை மிஞ்சி, தொகுதியின் சராசரி தூரம் குறைந்து காட்டும். சராசரி வேண்டுமென்றால் பாரலாக்ஸ்களைப் பிழைக்கேற்ற எடையோடு சராசரி எடுத்துவிட்டுக் கடைசியில் தலைகீழாக்குங்கள். தனித்தனித் தூரம் வேண்டுமென்றால் பெய்லர்-ஜோன்ஸ் குழுவினர் 2021-இல் வெளியிட்ட தூர அட்டவணை விசியரில் இருக்கிறது.

ஒளியாண்டு

புறக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) பக்கமும் ஒரு பயிற்சி. மாஸ்ட் காப்பகத்தில் ஹபிள், கெப்ளர், டெஸ், ஜேம்ஸ் வெப் தரவு எல்லாம் இருக்கிறது. கோள் தேடும் விண்கலமான டெஸ்-ஸில் தொடங்குங்கள், லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பு தேடுவது, இறக்குவது, மடிப்பது (சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

பழகுவதற்கு வாஸ்ப்-18 என்ற விண்மீன். கோளின் சுற்றுக்காலம் 0.94 நாள், கடப்பின் (கோள் விண்மீனின் முன் கடக்கும்போது வரும் ஒளிக் குறைவு) ஆழம் சுமார் 1 சதவீதம், நீளம் ஏறக்குறைய 2.2 மணி நேரம். ஒரு செக்டரிலேயே (டெஸ் ஒரே வான்பகுதியைச் சுமார் 27 நாள் பார்க்கும் தவணை) இருபதுக்கு மேற்பட்ட கடப்புகள் கிடைக்கும். தேடும்போது தயாரிப்பாளர் 'ஸ்பாக்', இடைவெளி 120 விநாடி என்று கொடுங்கள், இல்லாவிட்டால் பல குழுக்கள் தயாரித்த ஒளிவளைகோடுகள் (நேரத்தோடு ஒளி மாறும் வரைபடங்கள்) கலந்து வரும்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது, விண்மீனின் மெதுவான ஒளி மாறுபாட்டை நீக்கும் 'ஃபிளாட்டன்' படியில். அதன் சாளர நீளம் இயல்பாக 101 புள்ளி. இரண்டு நிமிட இடைவெளிக்கு அது 3.4 மணி நேரம்தான். கடப்பு 2.2 மணி நேரம் இருக்கும்போது அந்த மென்மையாக்கம் கடப்பையே விண்மீனின் மாறுபாடு என்று எண்ணித் தின்றுவிடும். கடப்பின் நீளத்தைப் போல் ஐந்து மடங்காவது வையுங்கள். இங்கே 401 போதும். ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். பிறகு, திரும்பத் திரும்ப வரும் பெட்டி வடிவப் பள்ளங்களைத் தேடும் பிஎல்எஸ் முறையில் 0.5 முதல் 5 நாள் வரை தேடுங்கள். 1.88-இல் உச்சம் வந்தால் அது இரட்டிப்புக் காலம். பாதியாக்கி மடித்துப் பாருங்கள்.

புதிய பொருளில் தேடும்போது டெஸ்-ஸின் ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட் என்பதை மறக்கக் கூடாது. பக்கத்து விண்மீன்களின் ஒளியும் அதில் விழும். பின்னாலிருக்கும் மங்கலான மறைப்பு இரட்டை (ஒன்றையொன்று மறைக்கும் விண்மீன் இணை) ஒன்றே கோள் போல வேடம் போடும். கடப்பு 'வி' வடிவமா, ஒற்றை எண் கடப்புகளும் இரட்டை எண் கடப்புகளும் ஒரே ஆழமா, நடுவில் இரண்டாவது சிறு பள்ளம் இருக்கிறதா என்று சோதியுங்கள். செக்டரின் விளிம்பிலும் நடு இடைவெளியை ஒட்டியும் வரும் பள்ளங்கள் பெரும்பாலும் பூமி, நிலவிலிருந்து சிதறிய ஒளி. நேரக் குறியும் கவனம்: டெஸ் நேரத்தோடு 2457000 கூட்டினால்தான் முழு ஜூலியன் நாள், கெப்ளருக்கு 2454833.

ரோகிணி

யாரிடம் கேட்பது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது, அதற்கு என் பதில்.

கருத்து, கணக்கு சார்ந்த கேள்விக்கு ஸ்டேக் எக்ஸ்சேஞ்சின் வானியல் பகுதி. லைட்கர்வ், ஆஸ்ட்ரோபை போன்ற மென்பொருளில் சிக்கல் என்றால் அவற்றின் கிட்ஹப் பக்கத்தில் கேளுங்க, எழுதினவங்களே பதில் சொல்வாங்க. கருவி, படமெடுப்பு பற்றி கிளவுடி நைட்ஸ். எங்கே கேட்டாலும் பொருளின் பெயர், ஆயத்தொலைவு, யூடிசி (உலகப் பொது) நேரம், எந்தப் பட்டை, மென்பொருளின் பதிப்பு எண், பிழைச் செய்தி முழுசா, சிக்கலைக் காட்டும் பத்து வரி நிரல், இத்தனையும் வேணும். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது.

பங்கெடுக்கணும்னா ஜூனிவர்ஸ், தன்னார்வலர்கள் ஆய்வுத் தரவை வகைப்படுத்தும் தளம். 2007-இல் விண்மீன் மண்டலப் படங்களை வகைப்படுத்தும் கேலக்ஸி ஜூ திட்டம் தொடங்கியபோது, தன்னார்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட திரியிலிருந்துதான் 'பச்சைப் பட்டாணி' விண்மீன் மண்டலங்கள் தனி வகையாகப் பிடிபட்டன; 2009-இல் கட்டுரையாகவும் வந்தது. அதனால அங்கே வகைப்படுத்துவதோடு நிறுத்தாதீங்க. ஒவ்வொரு திட்டத்துக்கும் 'டாக்' பகுதி உண்டு, வினோதமா எது தெரிந்தாலும் அங்கே எழுதுங்க.

தொலைநோக்கி இல்லைன்னாலும் வானத்தை அளக்கலாம். 1911-இல் தொடங்கிய, ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிக்கும் ஏஏவிஎஸ்ஓ அமைப்பு வெறுங்கண் மதிப்பீடுகளையும் வாங்கிக்கிறது. டெல்டா செஃபி என்ற விண்மீன் 5.37 நாளில் ஒளியளவு 3.5-லிருந்து 4.4 வரை (எண் கூடினால் மங்கல்) மங்கித் திரும்பும். பழக அதைவிட நல்ல விண்மீன் இல்லை. பதிவு செய்து பார்வையாளர் குறியீடு வாங்குங்க, விண்மீன் வரைபடத்தை அவங்க தளத்திலேயே உருவாக்குங்க. அதில் '34' என்றால் ஒளியளவு 3.4, புள்ளி வைத்தால் விண்மீன் என்று குழப்பும் என்பதால் விட்டிருக்காங்க. ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் இரண்டு ஒப்பீட்டு விண்மீன்களுக்கு நடுவில் வைத்து மதிப்பிடணும். வரைபடத்தின் வரிசைக் குறியையும் சேர்த்து அனுப்பணும். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்காதீங்க, பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு அது பிரகாசமாகிக்கிட்டே போகும். சட்டுச் சட்டென்று பார்த்து எடுங்க.

படங்களில் புதுசா ஒரு புள்ளி தெரிஞ்சா உடனே அறிவிக்காதீங்க. முதலில் ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்டில் ஏற்றித் துல்லியமான ஆயத்தொலைவு எடுங்க. அதை மைனர் பிளானட் சென்டரின் சோதனைப் பக்கத்தில், படம் எடுத்த நேரத்தோடு கொடுங்க; பெரும்பாலும் தெரிந்த சிறுகோளாகவே இருக்கும். அடுத்து ஏஏவிஎஸ்ஓ-வின் மாறும் விண்மீன் அட்டவணை, அதற்கப்புறம் திடீரெனத் தோன்றும் வான்பொருள்களைப் பதியும் டிரான்சியன்ட் நேம் சர்வர். குறைந்தது அரை மணி இடைவெளியில் எடுத்த இன்னொரு படத்திலும் அது இருக்கணும், இல்லாட்டி காஸ்மிக் கதிரோ லென்ஸ் எதிரொளிப்போ ஆக இருக்கலாம். நான்கையும் தாண்டி நின்றால், படத்தை ஃபிட்ஸ் என்ற வானியல் பட வடிவிலேயே வைத்துக்கொண்டு அறிவியுங்க; ஜேபெக் ஆக்கினால் ஒளி அளவும் போயிடும், நேரத் தகவல் இருந்த தலைப்பும் போயிடும்.