எக்ஸ்கதிர் அசையாமல் காமாக்கதிர் மட்டும் எழுந்தால், புரோட்டான்தான் காரணமா?

தண்டையார்பேட்டை மாணவர்:
கருந்துளையிலிருந்து பாயும் தாரையில் எக்ஸ்கதிரும் காமாக்கதிரும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும். காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் எக்ஸ்கதிரை உமிழ, அவையே ஒளித்துகள்களை மோதிக் காமாவாக உயர்த்துகின்றன என்பது வழக்கமான விளக்கம். 1இஎஸ் 1959+650 என்ற கேலக்ஸி 2002 மே மாதத்தில் அப்படித்தான் நடந்துகொண்டது. ஆனால் ஜூன் 4 அன்று டெரா எலக்ட்ரான்வோல்ட் அளவிலான, அதாவது மிக உயர்ந்த ஆற்றலுள்ள, காமா மட்டும் எழுந்தது. எலக்ட்ரான்கள் பெருகாமல் காமா பெருகியதால், அது புரோட்டான்களின் வேலை என்கிறேன்.

காசிமேட்டுக்காரர்:
அவசரப்படுகிறீர்கள், தம்பி. எங்கள் துறைமுகத்தில் அதே விசைப்படகும் அதே வலையும் போனாலும், மீன் கூட்டம் குறுக்கே வந்த நாளில் பிடிபடும் மீன் பல மடங்காகிறது. அதுபோல, எலக்ட்ரான்கள் அப்படியே இருக்க, தாரையின் முடிச்சு ஒன்று ஒளி மிகுந்த இடத்தைக் கடந்தாலே காமா ஏறிவிடும். 3சி 279 என்ற இன்னொரு கேலக்ஸி, 2013 டிசம்பரில் கண்ணுறு ஒளியில் ஈடான எழுச்சியின்றிச் சில மணி நேரத்தில் காமாவில் பாய்ந்ததை அவ்வாறே விளக்கலாம்.

தண்டையார்பேட்டை மாணவர்:
3சி 279 குவேசார், அதாவது மையம் மிகப் பிரகாசமான கேலக்ஸி, ஐயா. வாயு மேகங்களின் ஒளி நிறைந்த, மீனுள்ள கடல். 1959+650 அப்படிப்பட்டதன்று. போதாததற்கு, அண்டார்க்டிகாவின் அமண்டா கருவி 2002இல் அதன் திசையிலிருந்து நியூட்ரினோக்கள் என்னும் மின்சுமையற்ற நுண்துகள்களைப் பதிந்ததே. அவை புரோட்டான் மோதல்களில் பிறப்பவை, எலக்ட்ரான்களால் பிறக்குமா?

காசிமேட்டுக்காரர்:
அந்தப் பொருத்தம் சுடரைக் கண்டபின் தேடி எடுக்கப்பட்டதால், அதற்குப் புள்ளியியல் எடை கொடுக்க முடியாது. அமண்டாவுக்குப் பின் வந்த ஐஸ்கியூப் கருவி 2017 செப்டம்பர் 22 அன்று பிடித்த சுமார் 290 டெரா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரினோ, டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற கேலக்ஸி காமாவில் சுடர்விட்ட வேளையில் வந்தது உண்மைதான். ஆனால் அதே திசையிலிருந்து 2014-15இல் சுமார் 13 நியூட்ரினோக்கள் மிகுதியாக வந்த மாதங்களில் காமா அமைதியாகவே இருந்தது. அதை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? வாயு ஒளி இல்லாவிட்டாலும் தாரைக்கு மெதுவாக நகரும் வெளியுறை உண்டு. விரைந்து பாயும் நடுப்பகுதிக்கு அதன் ஒளி பெருகித் தெரியும்.

தண்டையார்பேட்டை மாணவர்:
2014-15க்கு என்னிடம் விடை இல்லை. எனினும், எதிர்ப்படும் ஒளித்துகளின் ஆற்றல் கூடக் கூட எலக்ட்ரானின் மோதல் வலுவிழக்கும். டெரா நிலையில் அதுவே தடை. மே மாதச் சுடரின் ஒளி ஒரு மேகத்தில் பட்டுத் திரும்பிப் புரோட்டான்களை மோதியது என்றால், அந்தத் தடையும் இல்லை, இடையில் கழிந்த சில வாரங்களுக்கும் காரணம் கிடைக்கிறது. ஆகவே 3சி 279க்கு உங்கள் வலையை ஏற்கிறேன், 1959+650க்கு ஏற்கவில்லை.